துவக்குப் பெட்டி கைக்கு வரக்கூடாத பதினாறு மணித்தியாலம்

கிளிநொச்சி கரடிப்போக்குச் சந்திக்குப் பக்கத்தில் விமான ரிக்கெற் போடும் கடை வைத்திருக்கிற என்னிடம் வழக்கமாக வருகிற கேள்விகள் மூன்றுதான். எத்தனை கிலோ விடுவான், கருவாடு கொண்டுபோகலாமா, சக்கர நாற்காலி கேட்டால் காசு எடுப்பானா. வேட்டைத் துவக்கோடு பறப்பது எப்படி என்று ஒருவரும் கேட்டதில்லை, ஒஸ்லோவிலிருந்து அந்தத் தம்பி வட்சப்பில் கூப்பிடும் வரைக்கும்.

அவருடைய தகப்பன் புதுக்குடியிருப்புப் பக்கம். ஒரு காலத்தில் இடியன் என்கிற நாட்டுத் துவக்கோடு இரவிரவாக வயலில் பன்றிக்குக் காவலிருந்த மனிதர். மகன் பதினாறு வயதில் மாமனிடம் நோர்வே போனவர். அங்கே வேட்டைக்குப் போவதென்றால் அதற்கென்று ஒரு பரீட்சை எழுதிச் சித்தியடைய வேண்டும். தம்பி அதையும் முடித்து, அனுமதியோடு துவக்கும் வாங்கி, வருடாவருடம் எல்க் மான் வேட்டைக்குப் போய்வருகிறவர். இந்த முறை நண்பர்களோடு தென்னாபிரிக்காவில் ஒரு வேட்டைப் பண்ணைக்குப் போகிறார். ஒஸ்லோவிலிருந்து ஜொகன்னஸ்பேர்க், நடுவில் வளைகுடா நாடொன்றில் பதினாறு மணித்தியாலத் தரிப்பு. திரும்பும்போது அப்படியே இலங்கையில் கட்டுநாயக்க விமான நிலையத்தில் இறங்கி, ஊருக்கு வந்து தாய் தகப்பனையும் பார்த்துவிட்டுப் போவது திட்டம். அவர்களுடைய வீட்டாருக்கு எப்போதும் நான்தான் ரிக்கெற் போடுகிறவன் என்பதால் என்னைக் கேட்டார்.

“அண்ணை, பதினாறு மணித்தியாலம் எண்டா ஹோட்டலும் தருவாங்கள். பெட்டியையும் எடுத்துக்கொண்டு போய்ப் படுத்தால் களவு போற பயமும் இல்லைத்தானே?”

இந்தக் கேள்விக்காகத்தான் இதை எழுத உட்கார்ந்தேன். துவக்கோடு பறக்கிற எவருக்கும் நீண்ட தரிப்பில் வருகிற முதல் யோசனை இதுதான். ஆபத்தும் இதில்தான் இருக்கிறது. பெட்டி விமானக் கொம்பனியின் பொறுப்பில், விமான நிலையத்தின் உள்பக்கத்தில் கிடக்கும் மட்டும் பெரும்பாலான இடங்களில் அது ஒரு பயணப்பொதி. அதை நீங்கள் பொதி வரும் ஓடுபட்டியிலிருந்து இழுத்துக் கையில் எடுத்துக்கொண்டு சுங்கத்தைத் தாண்டினால், அந்த நாட்டுக்குள் ஆயுதம் இறக்குமதி செய்தவர் ஆகிவிடுகிறீர்கள். களவுக்குப் பயந்து எடுத்தேன் என்று சொன்னால் எந்த நாட்டுப் பொலிசும் கேட்காது.

இதற்கு அமெரிக்காவில் நடந்த ஒரு வழக்கைத் தம்பிக்குச் சொன்னேன். 2005இல் யூட்டா மாநிலத்துக்காரர் ஒருவர் கைத்துப்பாக்கியைச் சட்டப்படி பூட்டி, கவுண்டரில் அறிவித்து, பொதியில் போட்டுப் பறந்தார். போக வேண்டிய இடம் பென்சில்வேனியா. நடுவில் நியூஜேர்சி மாநிலத்து நியூவார்க்கில் அடுத்த விமானம் தவறிப்போனது. அவர் பொதியை வாங்கிக்கொண்டு ஹோட்டலில் இரவு தங்கினார். மறுநாள் காலை நேர்மையாகக் கவுண்டரில் போய், என் பெட்டியில் துப்பாக்கி இருக்கிறது என்று அறிவித்தார். அந்த இடத்திலேயே கைது. நியூஜேர்சியில் அதற்குரிய அனுமதி அவரிடம் இல்லை. ஆயுதத்தோடு மாநிலங்களைக் கடந்து போகிறவர்களைக் காக்கும் 1986ஆம் ஆண்டுச் சட்டம் ஒன்று இருக்கிறது. ஆனால் பயணத்தில் ஆயுதம் கைக்கெட்டாத இடத்தில் இருந்தால்தான் அது காக்கும். கைது செய்தது பிழையென்று அவர் வழக்குப் போட்டார், அன்றிரவு ஹோட்டலில் பெட்டி அவர் கைக்கெட்டும் தூரத்தில் இருந்ததே என்று 2010இல் மேன்முறையீட்டு நீதிமன்றம் கைவிரித்துவிட்டது. அவர் மேலான குற்றச்சாட்டை அதற்கு முன்னமே கைவிட்டிருந்தார்கள் என்றாலும் சிறையில் கிடந்த நாட்கள் கிடந்தவைதான். தன் நாட்டுக்குள்ளே, தன் மொழி பேசுகிற ஊரில், அவருக்கே அந்த நிலை.

தம்பி கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு, “அப்ப என்ன செய்யிறது அண்ணை?” என்றார்.

செய்ய வேண்டியதில் முக்கால்வாசி ரிக்கெற் போடும் மேசையிலேயே முடிந்துவிடும். முதலாவது, முழுப் பயணமும் ஒரே ரிக்கெற்றில் இருக்க வேண்டும். மலிவு என்று ஒஸ்லோவிலிருந்து வளைகுடா வரைக்கும் ஒன்று, அங்கிருந்து ஆபிரிக்காவுக்கு வேறொன்று என இரண்டாக வாங்கினால், நடுவில் நீங்களேதான் பொதியை எடுத்து மறுபடி போட வேண்டி வரலாம். சாதாரணப் பெட்டியென்றால் அலைச்சல் மட்டும்தான். துவக்கென்றால் மேலே சொன்ன நியூவார்க் கதை. தரிப்பு 24 மணித்தியாலத்துக்குள் இருக்க வேண்டும். அதைத் தாண்டினால் கட்டண விதிப்படி அது இணைப்பு இல்லை, இடைத்தங்கல். பொதியையும் நடுவிலேயே இறக்கிவிடுவார்கள். பதினாறு என்பது உள்ளே வருகிறது, ஆனாலும் இரவு தங்கும் தரிப்புகளில் சில கொம்பனிகள் பொதியைக் கடைசி ஊர் வரை அனுப்புவதில்லை. அதனால் கேட்டு எழுத்தில் வாங்க வேண்டும்.

அடுத்தது அனுமதி. எங்கள் பதிவுக் கணினியில் ஆயுதத்துக்கென்று ‘வெப்’ என நாங்கள் வாசிக்கிற ஒரு நாலெழுத்துக் குறியீடு இருக்கிறது. துவக்கு எத்தனை, என்ன வகை, ரவை (தோட்டா) எவ்வளவு எடை என்று அதில் அடித்து அனுப்பினால் கொம்பனி பதில் தரும். பதில் வரும்வரை அது நிலுவையில்தான் நிற்கும். ‘எச்கே’ என்று மாறினால்தான் உறுதி. எங்கள் தொழிலில் இருக்கிற தம்பி தங்கைகளுக்கு ஒரு வார்த்தை: நிலுவையில் இருப்பதை உறுதி என்று வாடிக்கையாளருக்குச் சொல்லாதீர்கள். கவுண்டரில் அவர் அவமானப்பட்டு நிற்கும்போது நீங்கள் நித்திரையில் இருப்பீர்கள். இன்னொன்று, ரிக்கெற்றில் ஒரு கொம்பனியின் இலக்கம் இருக்கும், பறக்கிறது கூட்டாளிக் கொம்பனியின் விமானமாக இருக்கும். அனுமதி தர வேண்டியது உண்மையில் பறக்கிற கொம்பனி. ஒவ்வொரு துண்டுப் பயணத்துக்கும் தனித்தனியாகப் பதில் வந்திருக்கிறதா என்று பாருங்கள். தம்பியின் விடயத்தில் முதல் துண்டுக்கு மூன்று நாளில் பதில் வந்தது. இரண்டாவதுக்கு நான் நாலு முறை ஞாபகப்படுத்த வேண்டியிருந்தது.

விமானக் கொம்பனி சம்மதித்தாலும் நடுவில் இருக்கிற நாடு சம்மதிக்க வேண்டும் என்பதை மறந்துவிடுகிறார்கள். நோர்வேயிலிருந்து பலர் அம்ஸ்டர்டாம் வழியாகப் பறப்பார்கள். நெதர்லாந்தில் பெட்டி கைக்கு வராமல் விமானம் மட்டும் மாறினால்கூட அந்நாட்டுச் சுங்கத்தின் முன்னனுமதி வேண்டும். கனடாவில் இருக்கிற எங்கள் ஆட்களுக்கு அமெரிக்கா இன்னும் சிக்கல். அங்கே வெளியே போகாமல் காத்திருந்து விமானம் மாறுகிற வசதியே இல்லை. வழிப்போக்கரும் குடிவரவைத் தாண்டித்தான் ஆக வேண்டும். ஆக, ரொறன்ரோவிலிருந்து நியூயோர்க் வழியாக ஆபிரிக்காவுக்கு வேட்டைக்குப் போகிற வெளிநாட்டுப் பிரஜை, அமெரிக்காவில் ஒரு தோட்டாவும் சுடாவிட்டாலும், ஆறு என்ஐஏ என்கிற தற்காலிக இறக்குமதிப் படிவத்தை முன்கூட்டியே போட்டு அனுமதி எடுத்திருக்க வேண்டும். நூறு டொலர் கூடினாலும் அமெரிக்காவைத் தொடாத வழியைப் பிடியுங்கள் என்றுதான் நான் சொல்வேன்.

ரவைக் கணக்கு சுவாரசியமானது. பயணப்பொதியில் ஆளுக்கு 5 கிலோ வரைதான் விடுவார்கள், அதுவும் பெட்டியின் எடையோடு சேர்த்து. கைப்பொதியில் ஒன்றுகூட இருக்கக்கூடாது. தென்னாபிரிக்கா ஒரு துவக்குக்கு 200 ரவை வரை கொண்டுவர விடுகிறது. தம்பியின் துவக்குக்குரிய ரவை ஒன்று ஏறத்தாழ 25 கிராம். இருநூறை எடை போட்டால் சரியாக 5 கிலோ, அட்டைப்பெட்டியின் எடை வெளியே நிற்கும். நாலு பேர் போகிறோமே, எல்லாருடையதையும் ஒரு பெட்டியில் போடலாமா என்று கேட்டார். கூடாது, ஒருவரின் பங்கை இன்னொருவரின் பொதியில் சேர்க்க விதி விடாது. அவர் அறுபது ரவையோடு போனார். “நாலு நாளில அறுபது தரம் சுட்டால் நீ வேட்டைக்காரன் இல்லையடா” என்று தகப்பன் சொல்லிச் சிரித்தாராம்.

சரி, தரிப்புக்கு வருவோம். ஒஸ்லோ கவுண்டரில் பெட்டி போடும்போது செய்ய வேண்டிய வேலை ஒன்றை நான் அவருக்கு இரண்டு தரம் சொன்னேன். கைப்பிடியில் ஒட்டுகிற பட்டியைக் கண்ணால் பார்க்க வேண்டும். அதில் கடைசி ஊராக ஜொகன்னஸ்பேர்க்கின் மூன்றெழுத்து இருக்கிறதா, நடு ஊரின் எழுத்தோடு நின்றுவிட்டதா? நின்றிருந்தால் பெட்டி உள்ளே போவதற்கு முன்னமே திருத்தச் சொல்ல வேண்டும். துவக்கு வெறுமையாக, போல்ட் கழற்றி, கடினமான பெட்டிக்குள். சாவி அவருடைய கழுத்தில். துவக்கின் இலக்கம் தெரியும்படி ஒரு படம் கைபேசியில், ஒரு பிரதி கடதாசியில். கைபேசி பற்றரி பதினாறு மணித்தியாலம் நிற்காது.

உடுப்பும் மருந்தும் கைப்பொதியில் இருக்க வேண்டும். இது சின்ன விடயம் போலத் தெரியும். ஆனால் நடுவில் பெட்டியைக் கேட்கிற எண்ணம் எங்கிருந்து வருகிறது? நீரிழிவுக் குளிசை பெட்டிக்குள், சாரம் பெட்டிக்குள், சார்ஜர் பெட்டிக்குள். கேட்டால் எடுத்துத் தர முயல்கிற ஊழியரும் இருப்பார், அவருக்கு அது துவக்குப் பொதி என்று தெரிந்திருக்காது. கைப்பையோடு மட்டும் ஹோட்டலுக்குப் போய் நிம்மதியாகப் படுக்கலாம். பெட்டி விமான நிலையத்திலேயே கிடக்கட்டும்.

புறப்படுவதற்கு நாலு மணித்தியாலம் முன்னர் இணைப்புப் பயணிகள் மேசைக்குப் போய்ப் பட்டித் துண்டைக் காட்டி, இந்தப் பொதி அடுத்த விமானத்துக்குப் பதிவாகியிருக்கிறதா என்று கேட்பது நல்லது. விமானம் ரத்தாகி, எல்லாரும் பொதியை எடுங்கள் என்று அறிவித்தால்தான் மெய்யான சோதனை. அப்போது கூட்டத்தோடு போகக் கூடாது. மேற்பார்வையாளரைக் கேட்டு, என்னுடையது அறிவிக்கப்பட்ட வேட்டைத் துவக்கு, இந்த நாட்டு அனுமதி என்னிடம் இல்லை, பொதி உங்கள் பொறுப்பிலேயே இருக்கட்டும் என்று தாழ்ந்த குரலில் சொல்ல வேண்டும்.

தாழ்ந்த குரலில் சொல்வது எங்கள் ஆட்களுக்குக் கஷ்டம். ஓமந்தைச் சோதனைச் சாவடியில் பெட்டியைக் கொட்டிக் காட்டி வளர்ந்த தலைமுறை. சீருடையைக் கண்டால் ஒன்று தொண்டை அடைத்துப்போகும், அல்லது கேட்காததும் சேர்த்து எல்லாம் வாயில் வரும். தம்பியை நான் தொலைபேசியிலேயே மூன்று தரம் சொல்லிப் பார்க்கச் சொன்னேன். மூன்றாவது தரம்தான் குரல் நடுங்காமல் வந்தது.

ஜொகன்னஸ்பேர்க்கில் இறங்கியதும் அவர் பெட்டியோடு பொலிஸ் ஆயுதக் கவுண்டருக்குப் போக வேண்டும். அங்கே 520 என்ற படிவம், கறுப்பு மையில் நிரப்பியது, கையெழுத்து மட்டும் அதிகாரிக்கு முன்னால். பண்ணைக்காரரின் அழைப்புக் கடிதம், துவக்கு தனதென்பதற்கான அத்தாட்சி, திரும்பும் ரிக்கெற். அதெல்லாம் அவருக்குப் பண்ணைக்காரரே சொல்லிக்கொடுத்திருந்தார்.

மிஞ்சியது கட்டுநாயக்க. இதில் நான் வாதாடவேயில்லை, போட மாட்டேன் என்று சொல்லிவிட்டேன். இலங்கைக்குள் துவக்குக் கொண்டுவரப் பாதுகாப்பு அமைச்சின் அனுமதி வேண்டும். அமைச்சு கொடுத்தாலும், அந்தப் பெட்டியோடு ஏ9 வீதியில் வானில் வந்து புதுக்குடியிருப்பில் இறங்குகிற இளைஞனை யார் யார் என்னென்ன கேட்பார்கள்? தகப்பன் கடைக்கு வந்தபோது நான் இதைச் சொன்னேன். அவர் வெற்றிலையைத் துப்பிவிட்டு வந்து, “துவக்கு அங்க கிடக்கட்டும், பிள்ளை வந்தால் காணும்” என்றார். ஆக, தம்பி ஒஸ்லோ திரும்பி, துவக்கைப் பெட்டகத்தில் வைத்துப் பூட்டிவிட்டு, வேறு ரிக்கெற்றில் ஊருக்கு வந்தார். செலவு கூடத்தான்.

ஆனால் அந்த இரண்டாவது பயணத்துக்கு முன்னால் நான் ஒரு வேலை செய்தேன், காரணம் ஒரு அம்மா. சில வருடங்களுக்கு முன்னர் மகளிடம் போனவர். விட்டுப்போகிற வளவின் மண்ணை ஒரு ஹோர்லிக்ஸ் போத்தலில் நிரப்பிக் கைப்பையில் வைத்திருந்தார். நடு விமான நிலையத்தில் மறுபடி கைப்பை கதிர்ப்பெட்டிக்குள் போனபோது நிறுத்திவிட்டார்கள். மண்ணுக்குள் விரல் நீளத்தில் ஒரு ரவைக் கோது. வன்னி மண்ணில் அது கிடப்பது எங்களுக்குப் புதினமில்லை, மழை பெய்தால் பிள்ளைகள் பொறுக்குவார்கள். அந்த அதிகாரிகளுக்கு? அம்மாவுக்கு அவர்கள் மொழி தெரியாது. அவர்களுக்குத் தமிழ் தெரியாது. மூன்று மணித்தியாலம் ஓர் அறையில் இருந்தார், அடுத்த விமானம் போய்விட்டது. கடைசியில் போத்தலை வைத்துக்கொண்டு ஆளை விட்டார்கள். அன்றிலிருந்து என் கடைக்கு வருகிற ஒவ்வொருவரிடமும் கேட்பேன்: சாவிக்கொத்தில் ரவை தொங்குகிறதா, பிள்ளையின் பென்சில் பெட்டியில் செல் துண்டு ஏதும் இருக்கிறதா என்று. சிரிப்பார்கள். சிரித்துவிட்டுப் போய்ப் பார்ப்பார்கள்.

தம்பியையும் புறப்படுவதற்கு முதல் நாள் இரவு வீடியோவில் எடுத்தேன். எந்த முதுகுப்பையைக் கொண்டுவருகிறாய் என்றேன். காட்டினார். வேட்டைக்குக் கொண்டுபோன அதே பச்சைப் பை. கவிழ்த்து உதறு என்றேன்.

“அண்ணை, நான் எல்லாம் துடைச்சுத்தான் வச்சிருக்கிறன்.”

“உதறடா தம்பி.”

ஒரு ரொபித் தாள் விழுந்தது, ஒரு கையுறை, கொஞ்சம் சிவப்பு மண். பக்கப் பையின் சிப்பைத் திறந்து உதறியபோது டிங் என்று ஒரு சத்தம். மேசை ஓரம்வரை உருண்டு போன கோதை அவர் விரலால் நிறுத்தினார். ஒன்றும் பேசவில்லை. எழும்பிப் போய், அலுமாரியிலிருந்து மற்றப் பையையும் எடுத்துக்கொண்டு வந்து கவிழ்த்தார்.