ஐம்பதிலும் வளையும்

“ஐந்தில் வளையாதது ஐம்பதில் வளையுமா, டாக்டர்?” என் அறைக்கு வரும் பெற்றோரில் பலர் இப்படித்தான் தொடங்குகிறார்கள். (நான் மருத்துவர் அல்ல, உளவியல் ஆலோசகர். திருத்தித் திருத்தி அலுத்துவிட்டது.) பழமொழிக்குப் பின்னால் ஒளிந்திருப்பது குற்ற உணர்வு: சின்ன வயதில் வளர்ப்பில் கோட்டை விட்டுவிட்டோம், இனி ஒன்றும் ஆகாது.

இந்தப் பயத்தை வளர்த்ததில் உளவியல் முன்னோடி சிக்மண்ட் ஃபிராய்டுக்கும் பங்கு உண்டு. ஆளுமையின் அடித்தளம் ஐந்தாறு வயதுக்குள் அமைந்துவிடுகிறது என்றார் அவர். பால்குடி மறக்கச் செய்த விதமும் கழிப்பறைப் பழக்கமும் பிற்காலக் குணத்தை வடிக்கின்றன என்ற அவரது கணக்குக்கு ஆய்வு ஆதாரம் மிகக் குறைவு. குழந்தைப் பருவத்தின் மேல் உலகத்தின் கண்ணைத் திருப்பினார். அதற்கு நன்றி சொல்லலாம்.

உளவியலாளர் எரிக் எரிக்சன் 1950-இல் மனித வளர்ச்சிக்கு எட்டுக் கட்டங்களைச் சொன்னார். கடைசிக் கட்டம் முதுமையில் வருகிறது. வாரத்துக்கு ஒரு கொள்கை பேசும் பதினாறு வயதுப் பையன் கெட்டுப்போகவில்லை, தன் அடையாளத்தைத் தேடுகிறான் என்று சொல்ல இன்றும் எனக்குக் கைகொடுப்பவர் அவர்தான். இன்னொரு உளவியலாளர் ஆல்பர்ட் பண்டுரா 1961-இல் காட்டியது இன்னும் எளிது: பெரியவர் ஒரு பொம்மையை அடிப்பதைப் பார்த்த பிள்ளைகள் அப்படியே அடித்தார்கள். “கத்தாதே” என்று கத்தும் அப்பாக்களிடம் இதைச் சொல்லத் தவறுவதில்லை.

ஆனால் நான் அதிகம் நம்புவது மனநல மருத்துவர்களான அலெக்சாண்டர் தாமஸ், ஸ்டெல்லா செஸ் தம்பதியரை. 1956 முதல் நியூயார்க்கில் கைக்குழந்தைகளைப் பெரியவர்களாகும் வரை தொடர்ந்து கவனித்தார்கள். சுமார் 40 விழுக்காட்டினர் எளிதில் ஒத்துப்போகிறவர்கள். 10 விழுக்காட்டினர் சமாளிக்கக் கடினமானவர்கள். 15 விழுக்காட்டினர் புதியவற்றோடு மெதுவாகப் பழகுகிறவர்கள். மற்றவர்கள் எந்த வகையிலும் அடங்கவில்லை. வகைகளைவிட முக்கியமானது அவர்கள் சொன்ன ‘பொருத்தம்’. பிள்ளையின் இயல்புக்கும் சுற்றியிருப்பவர்களின் எதிர்பார்ப்புக்கும் இடையே பொருத்தம் இல்லாதபோதுதான் சிக்கல் முளைக்கிறது. இரட்டையர் ஆய்வுகளும் குண வேறுபாடுகளில் ஏறத்தாழ பாதியை மரபணுவுக்கே கொடுக்கின்றன. பொறுப்புணர்வு போன்ற குணங்களோ முப்பது வயதுக்குப் பிறகும் சராசரியாகக் கூடுகின்றன.

ஒரு தாய், யாரிடமும் பேசாத ஆறு வயது மகளிடம் “குறை” இருக்கிறது என்று கூட்டிவந்தார். அண்ணன் எல்லோரிடமும் ஒட்டிக்கொள்வானாம். மருந்தோ பயிற்சியோ சொல்லவில்லை. எங்கே போனாலும் பத்து நிமிடம் முன்னதாகப் போய், அவளைப் பேசத் தூண்டாமல் உட்காரச் சொன்னேன். மூன்றாம் சந்திப்பில் நான் கதவைத் திறந்தபோது, “வெளியே ஏழு நாற்காலி இருக்கிறது, ஒன்று ஆடுகிறது” என்றாள் அந்தச் சிறுமி. போய்ப் பார்த்தேன், ஆடத்தான் செய்தது.