சராசரி லாபம் 5 சதவீதம், கையில் இருப்பது 90

வாசகர் ஒருவர் கேட்டிருந்தார்: "முதலீடு முதல் வருஷம் 50 சதவீதம் ஏறியது, அடுத்த வருஷம் 40 சதவீதம் இறங்கியது. சராசரி எடுத்தால் வருஷத்துக்கு 5 சதவீத லாபம். ஆனால் போட்ட 100 இப்போது 90-ஆக நிற்கிறது. என்னை யாராவது ஏமாற்றிவிட்டார்களா?"

யாரும் ஏமாற்றவில்லை, கணக்கே அப்படித்தான். எனக்கு ரொம்பப் பிடித்த கணக்கும் இதுதான்.

தெரிந்த விஷயங்களை முதலில் வேகமாக ஓட்டிவிடலாம். சில மாதச் செலவுக்கான பணம் நினைத்த நேரத்தில் எடுக்கிற மாதிரி தனியாக இருக்க வேண்டும். கடனை முதலில் அடைக்க வேண்டும், 20 சதவீத வட்டி கட்டிக்கொண்டே 8 சதவீத வருமானத்துக்கு முதலீடு செய்வது ஓட்டைக் குடத்தில் தண்ணீர் பிடிக்கிற வேலை. விலைவாசி 6 சதவீதம் ஏறும்போது 4 சதவீத வட்டி வாங்கினால் பணம் இளைக்கத்தான் செய்யும். கூட்டு வட்டியும் பள்ளியிலேயே படித்தது: 72-ஐ வட்டி விகிதத்தால் வகுத்தால் பணம் எத்தனை வருஷத்தில் இரட்டிக்கும் என்று தெரிந்துவிடும், 8 சதவீதம் என்றால் 9 வருஷம். 1494-இல் லூக்கா பச்சோலி அச்சிட்ட கணிதப் புத்தகத்திலேயே இந்த 72 இருக்கிறது.

சரி, அந்த 90-க்கு வருவோம். லாபத்தையும் நஷ்டத்தையும் ஒன்றோடொன்று கூட்டக் கூடாது, பெருக்க வேண்டும். 1.5-ஐ 0.6-ஆல் பெருக்கினால் 0.9, அவ்வளவுதான். நஷ்டம் முதலில் வந்திருந்தாலும் 100, 60 ஆகி, அப்புறம் 90-இல்தான் வந்து நிற்கும். இதே ஆட்டம் பத்து வருஷம் தொடர்ந்தால் 59 மிஞ்சும், சராசரி மட்டும் அசையாமல் 5 சதவீதம் என்றே சொல்லிக்கொண்டிருக்கும்!

சராசரிக்கும் நிஜமாகக் கைக்கு வருவதற்கும் நடுவே இருக்கும் இந்த ஓட்டை எவ்வளவு பெரிது என்பதற்கு ஒரு எளிய தோராயம் உண்டு: சராசரியிலிருந்து ஊசலாட்டத்தின் வர்க்கத்தில் பாதியைக் கழித்துவிடுங்கள். இங்கே 5-க்கு மேலே 45, கீழே 45, அதாவது ஊசலாட்டம் 0.45. அதன் வர்க்கத்தில் பாதி கிட்டத்தட்ட 10 சதவீதம். 5-இல் 10 போனால் மைனஸ் 5. சரியான விடை மைனஸ் 5.1.

அந்த 'வர்க்கம்' என்ற சொல்லில்தான் வித்தையே இருக்கிறது. பாதிப் பணத்தை மட்டும் இதில் போட்டு மீதியை வட்டியே இல்லாமல் சும்மா வைத்திருங்கள், ஒவ்வொரு வருஷ முடிவிலும் மறுபடி பாதிக்குப் பாதி சரிசெய்யுங்கள். சராசரி லாபம் பாதியாகும், ஊசலாட்டமும் பாதியாகும், ஆனால் ஓட்டை கால்வாசியாகிவிடும். 100 முதல் வருஷம் 125, அடுத்த வருஷம் மறுபடி 100, நஷ்டமே இல்லை. கால்வாசி மட்டும் போட்டால் 112.5, அப்புறம் 101.25. நஷ்டம் தந்த அதே முதலீடு, பங்கைக் குறைத்ததும் லாபம் தருகிறது. முதல்முறை இதைப் போட்டுப் பார்த்தபோது கால்குலேட்டர் கெட்டுவிட்டது என்றே நினைத்தேன்.

1960-களில் இதைப் போன்ற ஒன்றை அமெரிக்காவின் எம்ஐடி பல்கலைக்கழகத்தில் ஓர் உரையில் விளக்கியவர் கிளாட் ஷானன், தகவல் கோட்பாட்டை 1948-இல் உருவாக்கிய அதே ஷானன். அந்த 1948-இல் அவருக்குச் சம்பளம் கொடுத்தது ஒரு தொலைபேசி நிறுவனத்தின் ஆய்வகம். அடிப்படை ஆராய்ச்சிக்குப் பணம் கேட்டால் "இதனால் என்ன பிரயோஜனம்" என்று கேட்கிற அதிகாரிகளுக்கு இதை நினைவூட்ட ஆசை. கிரகநிலை பார்த்துப் பங்கு வாங்குகிறவர்களுக்கும்தான், இந்தக் கணக்குக்கு எது எப்போது ஏறும் என்ற ஜோசியமே தேவையில்லை.

இன்னும் ஒரு படி. இதேபோல் ஊசலாடும் இரண்டு முதலீடுகள், ஒன்று ஏறும்போது மற்றது இறங்குகிறது. தனித்தனியாக இரண்டுமே நஷ்டம்தான். பாதிக்குப் பாதி வைத்து வருஷாவருஷம் சரிசெய்தால் 100 முதலில் 105, அப்புறம் 110.25. பிரித்துப் போடுவதற்கு ஹாரி மார்க்கோவிட்ஸ் 1952-இல் கணித வடிவம் கொடுத்தார், 1990-இல் பொருளாதார நோபலும் வாங்கினார். நிஜத்தில் இவ்வளவு கச்சிதமாக எதிரெதிராக எதுவும் நகராது, 2008-இல் உலகப் பங்குச்சந்தைகள் கிட்டத்தட்ட எல்லாம் சேர்ந்தே விழுந்தன. கமிஷனும் வரியும் வேறு கொஞ்சம் தின்னும், அதனால் தினமும் சரிசெய்துகொண்டிருக்காதீர்கள், வருஷத்துக்கு ஒருமுறை போதும்.

காகிதத்தில் இது சுலபம். முதல் வருஷ முடிவில் ஒன்று 75, இன்னொன்று 30. ஏறிய 75-இலிருந்து 22.5-ஐ விற்று, விழுந்து கிடக்கும் 30-இல் கொண்டுபோய்ப் போட வேண்டும். இவ்வளவு எழுதுகிற நானே போன தடவை எல்லா எண்களையும் நிரப்பிவிட்டு, விற்கும் பட்டனை அழுத்தாமல் மூன்று நாள் திரையைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.