ஏற்காடு ஏறினால் சுருதி இறங்கும் கிட்டார்

சேலம் ஃபேர்லேண்ட்ஸிலிருந்து ஒரு வாசகர் எழுதியிருக்கிறார். ஜாஸ் வாசிப்பவர். பல வருடம் சேர்த்த பணத்தில் புதிதாக ஒரு ஹாலோபாடி கிட்டார், அதாவது உள்ளே கூடாக இருக்கும் கிட்டார், வாங்கியிருக்கிறார். மொட்டைமாடித் தகரக் கொட்டகையில் மதியம் சாதகம் செய்யும்போது ஆம்பின் சத்தத்தைக் கொஞ்சம் கூட்டினாலே, ஜி ஷார்ப் சுரம் வந்ததும் கிட்டார் தானாக ஊளையிடுகிறதாம். ஆம்பில் இருக்கும் நாட்ச் குமிழைத் திருகி அந்த ஒரு சுரத்தை மட்டும் வெட்டி, ஒருவழியாக அடக்கிவிட்டார். சனிக்கிழமை இரவு ஏற்காட்டில் ஒரு விடுதியில் வாசிப்பு. குமிழைத் தொடவே இல்லை. ஆனாலும் ஊளை திரும்பி வந்துவிட்டது. இந்த முறை கொஞ்சம் கீழே இறங்கி, ஜிக்கும் ஜி ஷார்ப்புக்கும் நடுவில். “மலை மேல காத்து லேசா இருக்கறதாலயா சார்? எங்கம்மா கண்ணு பட்டிருக்குன்னு எலுமிச்சம்பழம் கட்டச் சொல்றாங்க” என்று முடித்திருக்கிறார்.

காரணம் காற்றுதான். ஆனால் அது லேசாக இருப்பதால் இல்லை.

ஊளை ஏன் வருகிறது என்பது கல்யாண மண்டபத்தில் மைக்செட் ‘கூ’ என்று கத்தியதைக் கேட்ட எல்லோருக்கும் தெரியும். ஸ்பீக்கரின் சத்தம் திரும்ப மைக்குக்குள் போய், பெருகி, மறுபடி ஸ்பீக்கருக்கு வந்து சுற்றிக்கொண்டே இருக்கும். கிட்டாரில் மைக்குக்குப் பதில் பிக்கப். ஆம்பின் சத்தம் கிட்டாரின் மேல்பலகையை ஆட்டுகிறது, பலகை தந்தியை ஆட்டுகிறது, தந்தியின் ஆட்டத்தைப் பிக்கப் எடுத்து ஆம்புக்கு அனுப்புகிறது. முழுக் கட்டையால் ஆன கிட்டாரில் பலகை அசையாது, அதனால் பெரிய தொல்லை இல்லை. உள்ளே கூடாக இருக்கும் கிட்டாரில்தான் வம்பு.

கூடாக ஏன் செய்தார்கள்? ஆம்பே இல்லாத காலத்தில் பிறந்த வாத்தியம் இது. வயலின் போல மேல்பலகையைக் குடைந்து வளைத்து, வட்டத் துளைக்குப் பதில் இரண்டு எஃப் வடிவத் துளைகள் வைத்து, கிப்சன் நிறுவனத்தின் எல்-5 வந்தது 1922-ல். பெரிய இசைக்குழுவின் ஊதுகருவிகளுக்கு நடுவே தாளம் காதில் விழ வேண்டும், அதற்காகத்தான் அந்த உரத்த, சட்டென்று அடங்கும் ஒலி. 1936-ல் அதே வகை உடம்பில் பிக்கப் பொருத்திய இஎஸ்-150 வந்தது. ஜாஸ் கிட்டார் கலைஞர் சார்லி கிறிஸ்டியன் அதை வைத்து, தாளம் போட்டுக்கொண்டிருந்த கிட்டாரைத் தனி ஆவர்த்தனத்துக்கு முன்னால் கொண்டுவந்தார். ஊளையும் கூடவே வந்தது.

சரி, எனக்குப் பிடித்த இடத்துக்கு வருகிறேன். ஊளை ஏன் எல்லாச் சுரத்திலும் வராமல் ஒரே சுரத்தில் வருகிறது?

சைக்கிள் பம்பின் வாயைக் கட்டைவிரலால் அடைத்துவிட்டுக் கைப்பிடியை அழுத்திப் பாருங்கள். விட்டதும் எகிறி மேலே வரும். அடைபட்ட காற்று ஒரு ஸ்பிரிங். கிட்டாரின் வயிற்றுக்குள் இருக்கும் காற்றும் அப்படித்தான். எஃப் துளையின் வாயில் நிற்கும் கொஞ்சம் காற்றை அந்த ஸ்பிரிங்கில் தொங்கும் எடைக்கல் என்று வைத்துக்கொள்ளுங்கள். கல் உள்ளே இறங்கினால் ஸ்பிரிங் வெளியே தள்ளும். வெளியே போனால் உள்ளே இழுக்கும். இப்படி உள்ளே வெளியே என்று அது ஆடுவதற்கு ஒரு சொந்த வேகம் உண்டு. முழு ஆழமுள்ள ஆர்ச்டாப்பில், அதாவது இப்படி மேல்பலகை வளைந்த கிட்டாரில், அது நொடிக்கு 100 தடவையை ஒட்டி இருக்கும். நம் வாசகரின் ஜி ஷார்ப் 104 ஹெர்ட்ஸ். அந்தச் சுரத்தை வாசிக்கும்போது வயிற்றுக் காற்று தன் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டது போலத் துள்ளி எழுகிறது.

இதைக் கணக்காக்கியவர் ஹெல்ம்ஹோல்ட்ஸ். படிப்பால் மருத்துவர், கண்ணுக்குள் பார்க்கும் கருவியைச் செய்த அதே ஆள். ஆனால் கடம் வாசிப்பவர்களுக்கு இது கைப்பழக்கமாகவே தெரியும். கடத்தின் வாயை வயிற்றில் வைத்து அமுக்கினால் திறப்பு குறுகி நாதம் கீழே இறங்கும், விலக்கினால் மேலே ஏறும். குடத்தில் தண்ணீர் நிறைய நிறையச் சத்தம் உயர்வதும் இந்தக் கணக்கில்தான் வரும்: காற்றுக்கு இடம் குறையும்போது ஸ்பிரிங் விறைக்கிறது.

இப்போது மலையேறுவோம். ஏற்காடு கடல்மட்டத்திலிருந்து ஏறத்தாழ 1,500 மீட்டர், சேலம் 300-க்கும் கீழே. மேலே காற்றழுத்தம் சேலத்தைவிட எட்டில் ஒரு பங்கு குறைவு. அழுத்தம் குறைந்தால் ஸ்பிரிங் தளரும், சுரம் இறங்க வேண்டும், இல்லையா? நானும் முதலில் அப்படித்தான் நினைத்தேன். ஆனால் துளை வாயில் நிற்கும் எடைக்கல்லும் அதே காற்றால் ஆனது! ஸ்பிரிங் எவ்வளவு தளர்கிறதோ, கல்லும் அதே அளவு லேசாகிறது. ஒன்றை ஒன்று துடைத்துவிடும். அழுத்தம் கணக்கிலிருந்தே காணாமல் போய்விடுகிறது. இதைத் தாளில் போட்டுப் பார்த்த அன்று எனக்கு ஏற்பட்ட சந்தோஷம் கொஞ்சநஞ்சமல்ல.

மிஞ்சுவது வெப்பம். ஒரே அழுத்தத்தில் சூடான காற்று லேசானது. அப்போது ஸ்பிரிங் அப்படியே இருக்க, கல் மட்டும் லேசாகும். சுரம் ஏறும். இந்தச் சுரம் ஒலியின் வேகத்தோடு சேர்ந்தே ஏறி இறங்கும். அந்த வேகம் 38 டிகிரி மதியத்தில் நொடிக்கு 354 மீட்டர். ஏற்காட்டில் 18 டிகிரி இரவில் 342. மூன்றரை சதவீதத்துக்குச் சற்றுக் குறைந்த இறக்கம். 104 போய் 100 சொச்சம் ஆகிறது. ஜிக்கும் ஜி ஷார்ப்புக்கும் உள்ள தூரம், அதாவது ஒரு அரைச்சுரம், ஏறக்குறைய 6 சதவீதம், அதில் பாதிக்கு மேல் போய்விட்டது. ஜிக்கும் ஜி ஷார்ப்புக்கும் நடுவில் என்று அவர் காது சொன்னது அச்சுப் பிசகாத உண்மை. நாட்ச் குமிழ் வெட்டும் பள்ளம் மிகக் குறுகியது. ஊளை அதிலிருந்து நகர்ந்துவிட்டது, அவ்வளவுதான்.

சோதித்துப் பார்க்க நானும் ஒரு காலி பன்னீர் சோடா பாட்டிலோடு பஸ் ஏறினேன். கீழேயும் மேலேயும் ஊதி, போனில் சுருதி பார்த்தேன். கணக்கு சொன்னதில் பாதி வித்தியாசம்கூட வரவில்லை. கொண்டை ஊசி வளைவுகளில் இறங்கி வரும்போதுதான் உறைத்தது: இரண்டு இடத்திலும் பாட்டிலுக்குள் போனது என் மூச்சு, அதன் சூடு எங்கே போனாலும் ஒன்றுதான். ஊதாமல் உள்ளங்கையால் வாயைத் தட்டியிருக்க வேண்டும். கிட்டாரை யாரும் ஊதுவதில்லை, அதனால் அதற்கு இந்தக் குழப்பம் இல்லை.

எஃப் வடிவத்துக்கும் ஒரு காரணம் உண்டு. துளையில் காற்று நடுவைவிட ஓரத்தில்தான் வேகமாகப் பாய்கிறது. ஆகவே பரப்பைவிட ஓரத்தின் நீளம்தான் முக்கியம் என்று எம்.ஐ.டி. ஆய்வாளர்கள் பழைய வயலின்களை அளந்து 2015-ல் காட்டினார்கள். நம் சர் சி.வி. ராமன் வயலின் குடும்பத்தின் ‘ஓநாய்ச் சுரம்’ (வில் போடும்போது அடங்காமல் உறுமும் ஒரு சுரம்) பற்றி எழுதியது 1916-ல், கல்கத்தாவில் கணக்குத் துறை அதிகாரியாகச் சம்பளம் வாங்கிக்கொண்டு, அலுவலகத்துக்கு முன்னும் பின்னும் கிடைத்த நேரத்தில். இன்று கடத்தின் காற்றை ஆராயப் பணம் கேட்டுப் போனால் “இதனால் என்ன பிரயோஜனம்?” என்ற கேள்விதான் முதலில் வரும் என்பது என் கசப்பான அபிப்பிராயம்.

கிட்டார் செய்பவர்கள் ஊளையோடு பல விதமாக மல்லுக்கட்டியிருக்கிறார்கள். 1949-ல் வந்த இஎஸ்-175 ஒட்டுப்பலகையால் ஆனது. அது செலவும் குறைவு, துள்ளலும் குறைவு. 1958-ல் இஎஸ்-335, நடுவில் ஒரு கட்டையை வைத்து வயிற்றைப் பிரித்தது. ஜாஸ் கலைஞர் ஜார்ஜ் பென்சனுக்காக ஐபனீஸ் நிறுவனம் செய்த ஜிபி-10 உடம்பையே சிறிதாக்கியது. இப்போது புதிதாக வருபவற்றிலும் பெரும்பாலும் இந்த மூன்று வழிகளின் கலவைதான். ப்ளூஸ் கலைஞர் பி.பி. கிங் துளைக்குள் துணியைத் திணித்தார். என்னைக் கேட்டால், அந்தக் காற்றை முழுக்கக் கட்டிப்போட்ட கிட்டாரில் ஜாஸ் வாசிப்பது மூடியிட்ட கடத்தில் தனி வாசிப்பது போல.

வாசகருக்கு: மலைக்குப் போனதும் கிட்டாரைப் பெட்டியிலிருந்து எடுத்து அரைமணி நேரம் வெளியே வையுங்கள், உள்ளே சேலத்துக் காற்று இருக்கும். அப்புறம் நாட்ச் குமிழை அரைச்சுரத்தில் பாதியளவு கீழே திருப்புங்கள். ஆம்புக்கு நேராக நிற்காமல் சற்று விலகி நில்லுங்கள். அப்படியும் அடங்காவிட்டால் ஒரே ஒரு துளையில் ஸ்பாஞ்சை வையுங்கள். சுரம் இன்னும் இறங்கும், அதனால் குமிழையும் மறுபடி திருப்ப வேண்டியிருக்கும். அம்மா எலுமிச்சம்பழம் கட்டினால் பெட்டியின் கைப்பிடியில் கட்டச் சொல்லுங்கள். சாறு வார்னிஷில் படக்கூடாது.