குரல் உடைந்த பையனை வகுப்பைவிட்டு நிறுத்தாதீர்கள்

போன சனிக்கிழமை, தென்னாப்பிரிக்காவில் டர்பன் நகரத்துச் சாட்ஸ்வர்த்தில் நான் நடத்தும் பாட்டு வகுப்பில் மகளைச் சேர்க்க ஒரு அப்பா வந்தார். நாற்பத்தைந்து வயது இருக்கும். "இவள் பாடுவாள் டீச்சர், எனக்குத்தான் குரலே கிடையாது" என்றார். உள்ளே பிள்ளைகள் சரளி வரிசை பாடிக்கொண்டிருந்தார்கள். பேசிக்கொண்டிருந்தவரின் வலது கை தொடையில் ஆதி தாளம் போட்டுக்கொண்டிருந்தது. ஒரு தட்டு, சுண்டுவிரல், மோதிரவிரல், நடுவிரல், அப்புறம் தட்டி வீச்சு இரண்டு முறை. ஓர் எண்ணிக்கைகூடப் பிசகவில்லை. அவருக்கே அது தெரியவில்லை.

விசாரித்தேன். 13 வயது வரை படித்தாராம். ஒரு போட்டிக்கு முன்னால் குரல் கரகரத்ததும் "நீ வாயை மட்டும் அசை, போதும்" என்றாராம் ஆசிரியர். அன்றோடு சரி. அம்மா தவறிய அன்று எல்லாரும் தேவாரம் பாடியபோதும் வாயை மட்டும்தான் அசைத்திருக்கிறார். இந்த வருஷம் இதே கதையோடு வந்த மூன்றாவது ஆள் இவர். மனசு பொறுக்காமல்தான் எழுதுகிறேன்.

'குரல் போச்சு' என்று தயவுசெய்து சொல்லாதீர்கள். குரல் எங்கேயும் போகவில்லை, இறங்குகிறது. 12, 13 வயதில் பையன்களின் குரல்வளை பெரிதாகி, குரல் நாண்கள் நீண்டு தடிக்கின்றன. பேச்சுக்குரல் ஏறக்குறைய ஒரு ஸ்தாயி, அதாவது ஒரு ஸ-விலிருந்து அடுத்த ஸ வரையான தூரம், கீழே வருகிறது. கட்டை என்பது சுருதியின் அளவு, எண் குறைந்தால் சுருதி தாழ்வு. 5 கட்டையில் பாடியவன் கடைசியில் 1, 1½ கட்டையில் வந்து நிற்பான். நடுவில் சில மாதம், சிலருக்கு ஒரு வருஷத்துக்கு மேலும், மேல் ஸட்ஜத்தில் (மேல் ஸ-வில்) குரல் வழுக்கும். ஞானம் குறைந்துவிட்டது என்று அர்த்தமா? சாதகம், அதாவது தினப் பயிற்சி, செய்யாத குற்றமா? கண் திருஷ்டியா? வளர்கிறான், அவ்வளவுதான். மீசை முளைத்ததற்கு யாராவது பிள்ளையைத் திட்டுவார்களா? தேனும் மிளகும் கொடுத்து இதை நிறுத்த முடியாது, நிறுத்தவும் வேண்டாம். பெண் பிள்ளைகளுக்கும் லேசாக உண்டு.

ஆசிரியர்களே, சுருதியை இறக்குங்கள். வகுப்பு முழுவதையும் ஒரே கட்டையில் கட்டிப்போடாதீர்கள். தார ஸ்தாயியை, அதாவது மேல் ஸ்வரங்களை, கொஞ்ச நாள் மறந்துவிடுங்கள். தொண்டை வலித்தால் அன்றைக்குப் பாட்டு வேண்டாம், தாளம் போடட்டும், ஸ்வரம் எழுதட்டும். கரகரப்போடு வலியும் இருந்தாலோ, மூன்று வாரத்துக்கு மேல் குரலே எழும்பாவிட்டாலோ காது மூக்கு தொண்டை மருத்துவரிடம் காட்டச் சொல்லுங்கள். போட்டிக் கோப்பை அடுத்த வருஷமும் இருக்கும்.

பெற்றோரிடம் ஒரு கெஞ்சல். 1860 நவம்பர் 16-இல், நம் முன்னோரில் முதல் ஒப்பந்தத் தொழிலாளர்களைக் கொண்டுவந்த ட்ரூரோ கப்பல் டர்பனில் இறக்கிய தமிழ், இன்று நம் வீடுகளில் பெரும்பாலும் பேச்சாக இல்லை. ஆங்கில எழுத்தில் எழுதிவைத்து வகுப்பில் மனப்பாடம் செய்த பதிகம்தான் பலர் நாவில் மிஞ்சியிருக்கிறது. முதியோர் இல்லத்தில் ஒரு பாட்டியைப் பார்த்தேன். பேரன் பெயர் நினைவில்லை, சிறுவயதில் கற்ற பதிகத்தை ஒரு சொல் விடாமல் பாடினார். கணக்கு டியூஷனுக்காக வகுப்பை நிறுத்துமுன் இதைக் கொஞ்சம் யோசியுங்கள்.

அந்த அப்பாவை உட்காரவைத்து, தம்பூராவை 1 கட்டைக்கு இறக்கி, ஸட்ஜம் பிடிக்கச் சொன்னேன். முதல் தடவை காற்றுதான் வந்தது. மூன்றாம் தடவை குரல் சுருதியில் நின்றது. மகள் திரும்பிப் பார்த்தாள்.