நாடாளுமன்றத்தில் கேள்வி கேட்க வேண்டுமா? முதலில் கேள்வியை எழுதுங்கள்

கூட்டத்தொடர் தேதி வெளியானதும் உறுப்பினர்களின் அலுவலகங்களில் மனுக்கள் குவிகின்றன. ஆறு பக்கம், எட்டுப் பக்கம். மேலே சங்கத்தின் பெயர், கீழே முப்பது கையெழுத்து, கடைசிப் பத்தியில் "அரசின் அலட்சியப் போக்கைக் கண்டித்து நாடாளுமன்றத்தில் கேள்வி எழுப்புமாறு கேட்டுக்கொள்கிறோம்" என்று ஒரு வரி. பிரச்சினையின் வரலாறு இருக்கும், வேதனை இருக்கும், பொருத்தமாக ஒரு திருக்குறளும் இருக்கும். கேள்வி மட்டும் இருக்காது. எங்கள் எம்.பி. அலுவலகத்துக்கு இந்த முறை வந்தவற்றைப் புரட்டிய பிறகும் இதை எழுதாமல் விட்டால் அடுத்த தொடருக்கும் இதே கட்டுதான் வரும்.

முதலில் ஒன்றைத் தெளிவாக்கிவிடலாம். வாட்ஸ்அப்பில் "எம்.பி. சரமாரிக் கேள்வி, அமைச்சர் திணறல்" என்று சுற்றும் காணொளிகளில் பெரும்பாலானவை கேள்வி நேரத்தில் எடுத்தவையே அல்ல. பூஜ்ய நேரப் பேச்சாக இருக்கும், அல்லது ஏதோ ஒரு மசோதா விவாதமாக இருக்கும். பூஜ்ய நேரத்தில் உறுப்பினர் ஓரிரு நிமிடம் பேசுவார். அமைச்சர் அதற்குப் பதில் சொல்லியே தீர வேண்டும் என்ற கட்டாயம் கிடையாது. மக்களவை விதி 377-இன் கீழ் 250 சொற்களுக்குள் ஒரு விஷயத்தை எழுப்பலாம். அதற்கு அமைச்சகத்திலிருந்து பிறகு கடிதம் வரும். கேள்வி என்பது வேறு. குறிப்பிட்ட தேதியில், குறிப்பிட்ட அமைச்சர், எழுத்தில் பதில் தர வேண்டும். அந்தப் பதில் அவைக் குறிப்பில் நிரந்தரமாக நிற்கும், நாளை நீதிமன்றத்தில்கூட எடுத்துக் காட்டலாம். உங்களுக்குப் பேச்சு வேண்டுமா, பதில் வேண்டுமா என்பதை முடிவுசெய்துவிட்டு வாருங்கள்.

அடுத்தது, எல்லோரையும் பிடித்தாட்டும் நட்சத்திர மோகம். "எங்கள் கேள்வி நட்சத்திரக் குறியிட்ட கேள்வியாகத்தான் வர வேண்டும்" என்ற பிடிவாதம். நட்சத்திரக் கேள்வி என்றால் அமைச்சர் அவையில் வாய்மொழியாகப் பதில் சொல்வதற்கானது; நட்சத்திரமில்லாததற்கு எழுத்தில் மட்டும் பதில். மக்களவையில் ஒரு நாளைக்கு நட்சத்திரக் கேள்விகள் 20, நட்சத்திரமில்லாதவை 230. வரிசையைத் தீர்மானிப்பது குலுக்கல். ஓர் உறுப்பினரின் பெயரில் ஒரு நாளில் ஒரே ஒரு நட்சத்திரக் கேள்விதான் வர முடியும்; இரண்டு வகையும் சேர்த்து ஐந்து. அந்த இருபதிலும் பகல் 11 மணிக்குத் தொடங்கும் ஒரு மணி நேரத்துக்குள் அவையில் எடுத்துக்கொள்ளப்படுபவை பெரும்பாலும் ஐந்தாறுதான். அவையில் கூச்சல் என்றால் அதுவும் இல்லை. மற்றவற்றுக்கு எழுத்துப்பூர்வப் பதில்தான், அதாவது நட்சத்திரமில்லாத கேள்விக்குக் கிடைக்கும் அதே பதில்.

நட்சத்திரத்துக்கு ஒரே ஒரு பயன் உண்டு: அமைச்சரின் பதிலைத் தொடர்ந்து அவையிலேயே கேட்கும் துணைக் கேள்வி. கேள்வி கேட்டவருக்கு இரண்டு துணைக் கேள்விகள், பிறகு அவைத்தலைவர் அனுமதித்தால் மற்ற உறுப்பினர்களுக்கு ஒவ்வொன்று. அமைச்சரை ஒரு கொள்கை நிலைப்பாட்டில் நிறுத்த வேண்டும் என்றால் அது தேவை. அந்த இரண்டு துணைக் கேள்விகளையும், அவற்றுக்கான ஆதாரங்களையும் நீங்களே தயாரித்து முன்கூட்டியே உறுப்பினரிடம் தந்திருக்க வேண்டும். அது இல்லாமல் நட்சத்திரம் கேட்பது வீண். மாவட்டவாரிப் புள்ளிவிவரம்தான் வேண்டும் என்றால் நட்சத்திரமில்லாத கேள்வியே மேல். பத்துப் பக்க இணைப்பாக அட்டவணை வரும், அமைச்சர் எழுந்து வாசிக்க வேண்டிய அவசியமும் இல்லை.

இனி வரைவு. இங்கேதான் பாதிக்கு மேல் செத்துப்போகின்றன.

மக்களவை விதி 41 கேள்விக்கான நிபந்தனைகளை அடுக்கியிருக்கிறது. பொதுவாக 150 சொற்களைத் தாண்டக் கூடாது. வாதம், ஊகம், கிண்டல், பழிச்சொல், அடைமொழி கூடாது. அமைச்சரின் கருத்தைக் கேட்கக் கூடாது, "இப்படி நடந்தால் அரசு என்ன செய்யும்" என்று கற்பனை நிலையைக் கேட்கக் கூடாது. நீதிமன்றத்தில் நிலுவையில் உள்ளது, ஏற்கெனவே பதில் தரப்பட்டது, எளிதில் கிடைக்கும் ஆவணங்களில் இருப்பது ஆகியவை தள்ளப்படும். ஒரு பதிலுக்குள் அடங்காத அளவுக்குப் பெரிய கொள்கை விவகாரமும் தள்ளப்படும். "விவசாயிகளை வஞ்சிக்கும் மத்திய அரசின் கொடூரமான போக்குக்குக் காரணம் என்ன?" என்ற வாக்கியம் இதில் எத்தனை நிபந்தனைகளை மீறுகிறது என்று எண்ணிப் பாருங்கள். அதை நாங்கள் நாகரிகமாக மாற்றி அனுப்பினால், "எங்கள் கேள்வியின் வீரியத்தைக் குறைத்துவிட்டார்கள்" என்று முகநூலில் பதிவு வரும். வரட்டும்.

அடைமொழியை எடுத்துவிட்டால் போதும் என்று நினைக்காதீர்கள். அதைவிடப் பெரிய ஓட்டை உட்பிரிவுகளைக் கோக்கும் விதத்தில் இருக்கிறது. வழக்கமான வார்ப்பு இது: (அ) இன்னது நடந்தது அரசுக்குத் தெரியுமா, (ஆ) ஆம் எனில் விவரம், (இ) அதன்மீது எடுத்த நடவடிக்கை, (ஈ) இல்லையெனில் காரணம். பார்க்க அழகாக இருக்கும். அமைச்சகம் (அ)வுக்கு "இல்லை" என்று ஒரு சொல்லில் பதில் தந்துவிட்டு, "(ஆ) முதல் (ஈ) வரை: கேள்வி எழவில்லை" என்று முடித்துவிடும். பதினைந்து நாள் காத்திருப்பு இரண்டு வரியில் முடிந்தது. 2020 செப்டம்பரில் ஊரடங்குக் காலத்தில் இறந்த புலம்பெயர் தொழிலாளர்கள் பற்றிக் கேட்டபோது, அப்படிப்பட்ட தரவு பராமரிக்கப்படவில்லை என்றது தொழிலாளர் அமைச்சகம். குடும்பங்களுக்கு இழப்பீடு தரப்பட்டதா என்ற பகுதிக்கு, மேற்கண்டதால் கேள்வி எழவில்லை என்று பதில். ஒன்றில் தொங்கும்படி மற்றொன்றைக் கட்டினால் மேலே அறுந்ததும் எல்லாம் விழும்.

ஆகவே ஒவ்வொரு உட்பிரிவும் தனியாக நிற்க வேண்டும். "தெரியுமா" என்று தொடங்காதீர்கள், "எத்தனை" என்று தொடங்குங்கள். கேந்திரிய வித்யாலயாக்களில் தமிழ் கற்பிப்பது பற்றிக் கேட்க வேண்டும் என்று வைத்துக்கொள்வோம். "தமிழகக் கேந்திரிய வித்யாலயாக்களில் தமிழ் புறக்கணிக்கப்படுவது அரசுக்குத் தெரியுமா?" என்று கேட்டால் பதில் "இல்லை, தேசியக் கல்விக் கொள்கை தாய்மொழியை ஊக்குவிக்கிறது" என்று ஒரு பக்கம் வரும். இப்படிக் கேளுங்கள்: (அ) குறிப்பிட்ட தேதி நிலவரப்படி தமிழ்நாட்டில் உள்ள கேந்திரிய வித்யாலயாக்களில் அனுமதிக்கப்பட்ட, நிரப்பப்பட்ட, காலியாக உள்ள ஆசிரியர் பணியிடங்கள் எத்தனை, பள்ளிவாரியாக, (ஆ) தமிழ் கற்பிக்க அனுமதிக்கப்பட்ட நிரந்தரப் பணியிடங்கள் எத்தனை, (இ) கடந்த மூன்று கல்வியாண்டுகளில் தமிழ் கற்பிக்க ஒப்பந்த அடிப்படையில் நியமிக்கப்பட்டவர்கள் எத்தனை பேர், அவர்களுக்கான மாத ஊதியம் எவ்வளவு, (ஈ) அதே காலத்தில் தமிழை விருப்பப் பாடமாகப் பயின்ற மாணவர்கள் எத்தனை பேர், வகுப்புவாரியாக. இதில் ஒன்றுக்குப் பதில் வராவிட்டாலும் மற்ற மூன்று பிழைக்கும். (ஆ)வுக்கு "ஏதுமில்லை" என்று வந்தாலும் அது உங்களுக்குச் செய்திதான்.

சட்டத்தில் உள்ள சொல்லையே பயன்படுத்துங்கள். இதைச் சொல்லிச் சொல்லி அலுத்துவிட்டது. கையால் மலம் அள்ளுவோர் தடைச் சட்டம், 2013, கையால் மலம் அள்ளுதலையும் கழிவுநீர்த் தடம், மலக்குழிகளில் பாதுகாப்பின்றி இறங்கும் 'அபாயகரத் தூய்மைப் பணி'யையும் தனித்தனியாக வரையறுக்கிறது. 2021 ஜூலையில் மாநிலங்களவையில் முன்னதைச் சொல்லிக் கேட்டபோது, கையால் மலம் அள்ளியதால் மரணம் ஏதும் பதிவாகவில்லை என்று பதில் வந்தது. நாடே கொதித்தது. ஆனால் அதே அமைச்சகம் பின்னதைப் பற்றிக் கேட்டால் நூற்றுக்கணக்கான மரணங்களை மாநிலவாரியாகத் தருகிறது. சட்டத்தின் இரண்டாம் பிரிவை ஒரு முறை வாசித்துவிட்டு எழுதினால் இந்தச் சந்து அடைபடும்.

"இது மாநிலப் பட்டியலில் உள்ள பொருள்" என்பது இன்னொரு சந்து. பொதுச் சுகாதாரம், மருத்துவமனைகள், காவல் எல்லாம் ஏழாவது அட்டவணையின் மாநிலப் பட்டியலில் உள்ளவை. அதே 2021 ஜூலையில் ஆக்சிஜன் பற்றாக்குறை மரணங்கள் குறித்த பதிலில் இதைத்தான் பார்த்தோம்: சுகாதாரம் மாநிலப் பொருள், மாநிலங்கள் அப்படி மரணம் எதையும் குறிப்பாகத் தெரிவிக்கவில்லை. இப்படிப்பட்ட இடங்களில் நடந்ததைக் கேட்காதீர்கள், மத்திய அரசு செய்ததைக் கேளுங்கள். விவரம் கேட்டு எந்தத் தேதியில் எந்த மாநிலத்துக்குக் கடிதம் போனது? அதில் இந்தத் தகவலுக்குத் தனிப் பத்தி இருந்ததா? பதில் அனுப்பிய மாநிலங்கள் எவை? எந்தத் தலைப்பில் எவ்வளவு நிதி விடுவிக்கப்பட்டது, அதைச் செலவிட்டதற்கான பயன்பாட்டுச் சான்றிதழ் எவ்வளவுக்கு நிலுவை? இவையெல்லாம் தில்லியில் உள்ள கோப்புகளில் இருக்கின்றன. மாநிலத்தைக் கைகாட்ட முடியாது.

உங்கள் ஊர் ஆரம்பச் சுகாதார நிலையத்தில் மருத்துவர் இல்லை, நகரப் பேருந்து வரவில்லை, தெருவிளக்கு எரியவில்லை என்றால் அதை எம்.பி.யிடம் கொண்டு வராதீர்கள். முதல் இரண்டும் சட்டமன்ற உறுப்பினர் வழியாகச் சட்டப்பேரவைக் கேள்வி நேரத்துக்குப் போக வேண்டியவை. மூன்றாவது மாமன்ற அல்லது ஊராட்சிக் கூட்டத்துக்கு.

எந்த உறுப்பினரிடம் கொடுப்பது என்பதிலும் தேவையில்லாத குழப்பம். தொகுதி எம்.பி.தான் கேட்க வேண்டும் என்று எந்த விதியும் இல்லை. அவர் அமைச்சராக இருந்தால் கேள்வி கேட்கவே மாட்டார். தமிழ்நாட்டிலிருந்து மக்களவையில் 39 பேர், மாநிலங்களவையில் 18 பேர் இருக்கிறார்கள். கேள்வி கேட்கும் பழக்கம் உள்ளவர் யார் என்பது நாடாளுமன்ற இணையதளத்தில் உறுப்பினர் பெயரைத் தட்டினாலே தெரியும். அதே தளத்தில் உங்கள் பொருளில் கடந்த சில ஆண்டுகளில் வந்த பதில்களையும் தேடிப் படித்துவிடுங்கள். ஏற்கெனவே பதில் வந்த கேள்வியைத் தூக்கிக்கொண்டு வராமலிருக்க மட்டுமல்ல; பழைய பதிலில் அமைச்சகம் எந்த வடிவில் தரவு வைத்திருக்கிறது என்பதும் தெரிந்துவிடும்.

காலக்கணக்கு. குறைந்தது 15 முழு நாட்களுக்கு முன் அறிவிப்பு தர வேண்டும். அமைச்சகங்கள் ஐந்து குழுக்களாகப் பிரிக்கப்பட்டு, ஒவ்வொரு குழுவுக்கும் வாரத்தில் ஒரு நாள். எந்த நாள் பதிலுக்கு எந்த நாளுக்குள் அறிவிப்பு என்ற அட்டவணை கூட்டத்தொடர் அழைப்பாணையை ஒட்டி வரும். கூட்டத்தொடர் தொடங்கி இரண்டாவது வாரத்தில் மனுவோடு வந்தால், குறுகிய தொடரில் உங்களுக்கு ஒரு நாளும் மிஞ்சாது. பத்து நாளுக்கும் குறைவான அறிவிப்பில் அவசரக் கேள்வி கேட்க விதி 54 இருக்கிறது, ஆனால் அமைச்சர் சம்மதிக்க வேண்டும். அதை நம்பி உட்காராதீர்கள். அறிவிப்பு ஆங்கிலத்திலோ இந்தியிலோ போக வேண்டும். தமிழில் தந்தால் நாங்கள் மொழிபெயர்க்கிறோம், ஆனால் திட்டத்தின் பெயர், அரசாணை எண், தேதி மூன்றையும் மூலத்தில் உள்ளபடியே தாருங்கள். "அந்தத் திட்டம்" என்று எழுதினால் எந்தத் திட்டம் என்று தேடவே ஒரு நாள் போய்விடும்.

தயவுசெய்து செய்யாதீர்கள் என்று கெஞ்ச வேண்டியவையும் உண்டு. "நம் கோரிக்கை குறித்து எம்.பி. கேள்வி கொடுத்துவிட்டார்" என்று அறிவிப்பின் படத்தோடு பதிவிடுவது முதலாவது. விதி 334அ-இன்படி கேள்வி அறிவிப்பை அதற்குப் பதிலளிக்கப்படும் நாள்வரை விளம்பரப்படுத்தக் கூடாது. உறுப்பினரோடு மற்றவர்களையும் சேர்த்தே கட்டுப்படுத்தும் விதி அது. உங்கள் ஆர்வத்துக்கு அவர் விளக்கம் சொல்ல வேண்டியிருக்கும். இரண்டாவது, கேள்விகளைப் பதிவேற்றும் உறுப்பினரின் இணையக் கணக்குக்கு "கடவுச்சொல்லைக் கொடுங்கள், நாங்களே பதிவேற்றிவிடுகிறோம்" என்று கேட்பது. கேட்கவே கேட்காதீர்கள். மூன்றாவது, பரிசு, நன்கொடை, "அலுவலகச் செலவுக்கு". 2005 டிசம்பரில் கேள்வி கேட்கப் பணம் வாங்கியதாக 11 உறுப்பினர்கள் பதவி இழந்தார்கள். மக்களவையில் பத்துப் பேர், மாநிலங்களவையில் ஒருவர். இனிப்புப் பெட்டி கூட வேண்டாம்.

குறுகலான கேள்வியால் என்ன ஆகிவிடும் என்று அலுத்துக்கொள்பவர்களுக்கு: 1957-இல் மக்களவையில் எழுந்தது, ஆயுள் காப்பீட்டுக் கழகம் தொழிலதிபர் ஹரிதாஸ் முந்த்ராவின் நிறுவனப் பங்குகளை வாங்கியதா என்பதுதான். காங்கிரஸ் உறுப்பினர் பெரோஸ் காந்தி விடாமல் துருவினார். அதை விசாரிக்க நீதிபதி சக்ளா ஆணையம் அமைந்தது. 1958 பிப்ரவரியில் நிதியமைச்சர் டி.டி. கிருஷ்ணமாச்சாரி பதவி விலகினார். அரசின் ஊழல் போக்கைக் கண்டித்து என்று எழுதியிருந்தால் அன்றைக்கே குப்பைக்கூடைதான்.

பதில் வந்ததும் வெற்றி அறிக்கை விட்டுவிட்டு மறந்துவிடுகிறீர்கள். வேலையே அப்போதுதான் தொடங்குகிறது. இணைப்பைத் திறந்து பாருங்கள். பதிலின் உடலில் இல்லாதது அங்கே இருக்கும். உங்களிடம் உள்ள தகவல் உரிமைச் சட்டப் பதிலோடு ஒப்பிடுங்கள். முரண் இருந்தால், அவைத்தலைவரின் வழிகாட்டுதல் 115-இன் கீழ் அமைச்சரின் தவறைச் சுட்டிக்காட்டி உறுப்பினர் எழுதலாம். பதில் போதவில்லை என்றால் விதி 55-இன் கீழ் அரைமணி நேர விவாதம் கேட்கலாம்.

"பரிசீலனையில் உள்ளது", "தகவல் திரட்டப்படுகிறது, அவையில் வைக்கப்படும்" என்று பதில் வந்தால் சோர்ந்துவிடாதீர்கள். இவை அரசின் உறுதிமொழியாகக் கணக்கில் வரும் சொற்றொடர்கள். 1953 முதல் மக்களவையில் இதற்கென்றே அரசு உறுதிமொழிக் குழு இருக்கிறது. மூன்று மாதத்துக்குள் நிறைவேற்ற வேண்டும், முடியாவிட்டால் அமைச்சகம் கால நீட்டிப்புக் கேட்க வேண்டும். பதில் தேதியிலிருந்து மூன்று மாதம் எண்ணி நாட்காட்டியில் குறித்துக்கொள்ளுங்கள். அன்றைக்கும் ஒன்றும் வரவில்லை என்றால் உறுப்பினர் வழியாகக் குழுவுக்கு ஒரு கடிதம். அதில் கேள்வி எண், பதில் தேதி, பதிலில் உள்ள அந்த ஒரு வரி, இவை போதும். ஆறு பக்கம் வேண்டாம்.