சுரண்டியின் விளிம்பில் நடப்பது

மலையகத்தில் சுரண்டி என்றால் முதலில் ஞாபகம் வருவது புல் சுரண்டுகிற சுரண்டிதான். தேயிலைச் செடிகளுக்கு நடுவில் முளைக்கும் புல்லை வழித்தெடுக்கிற, கைப்பிடி போட்ட இரும்புத் தகடு. அது புல்லோடு சேர்த்து மேல்மண்ணையும் இளக்கிவிடும், அடுத்த மழைக்கு அந்த மண் ஓடையில் இறங்கிப் போய்விடும் என்பதால் அதைப் பாவிக்க வேண்டாம் என்று பல காலமாகச் சொல்லி வருகிறார்கள். நான் எழுத வந்தது வேறு சுரண்டியைப் பற்றி: கதவு, யன்னல், சுவரில் இருக்கும் பழைய பெயின்ட்டை எடுக்கிற சுரண்டி. ஆனால் இரண்டிலும் சிக்கல் ஒன்றுதான். மேலே இருப்பதை எடுக்க வேண்டும், அடியில் இருப்பது கெடக்கூடாது.

எங்கள் பழைய லயத்து வீட்டின் முன்கதவை நான் சுரண்டத் தொடங்கிய அன்று, கையில் இருந்தது ஹார்ட்வெயார் கடையில் வாங்கிய சாதாரண தகட்டுச் சுரண்டி. கதவில் பச்சை, அதற்கு அடியில் நீலம், அதற்கும் அடியில் மண்ணிறம், கடைசியில் ஒரு மங்கிய வெள்ளை. ஒரு மூலையில் பெயின்ட் தானாகவே கையளவு சில்லாகக் கழன்று வந்தது, அதே கதவின் நடுவில் எவ்வளவு அமுக்கியும் அசையவில்லை, இன்னும் அமுக்கினேன், தகட்டின் முனை பலகைக்குள் இறங்கி ஒரு விரல் நீளத்துக்குப் பள்ளம் போட்டுவிட்டது. பக்கத்தில் இருந்த மாமா சொன்னது இவ்வளவுதான்: "மருமகனே, பலத்தக் காட்டாத. எங்க விடுதுன்னு பாரு." அவர் வருஷக்கணக்காக பெயின்ட் வேலை செய்தவர். அந்த ஒரு வரிக்குள் இருக்கிற பௌதிகவியலைத்தான் இங்கே விரிக்கப் பார்க்கிறேன்.

ஒரு பூச்சு பெயின்ட் காய்ந்தபின் ஏறக்குறைய 30 முதல் 50 மைக்ரோமீற்றர் கனம்தான் இருக்கும், அதாவது ஒரு மில்லிமீற்றரில் இருபதில் ஒரு பங்கு அல்லது அதற்கும் குறைவு. பத்துப் பூச்சு ஏறிய பழைய கதவில்கூட மொத்தக் கனம் அரை மில்லிமீற்றரைத் தாண்டுவது அபூர்வம். இந்த மெல்லிய தோலை இரண்டு விஷயங்கள் பிடித்து வைத்திருக்கின்றன. ஒன்று, பெயின்ட் திரவமாக இருந்தபோது மரத்தின் நுண்துளைகளுக்குள் இறங்கி அங்கேயே இறுகிக்கொண்டது. மற்றது, பெயின்ட் மூலக்கூறுகளுக்கும் மரத்தின் மேற்பரப்புக்கும் இடையிலுள்ள ஈர்ப்பு. இந்த ஒட்டு ஒரு பக்கம், பெயின்ட் தன் உடம்புக்குள்ளேயே எவ்வளவு உறுதியாக இருக்கிறது என்பது இன்னொரு பக்கம். உள்ளுறுதி ஒட்டைவிடப் பெரிதாக இருந்தால் பெயின்ட் சில்லுச் சில்லாகக் கழன்று வரும். ஒட்டு பெரிதாக இருந்தால் பெயின்ட் தூளாகுமே ஒழிய கழலாது. எந்தச் சுரண்டியை எடுப்பது, அதை எப்படிப் பிடிப்பது எல்லாமே இதைப் பொறுத்துத்தான்.

கழலுகிற இடத்துக்குத் தள்ளுகிற சுரண்டி. தகட்டை மேற்பரப்போடு ஏறக்குறையப் படுக்க வைத்து, பெயின்ட்டின் அடியில் நுழைத்து முன்னால் தள்ளுவது. இங்கே தகடு கத்தி இல்லை, ஆப்பு. விறகு பிளக்கும்போது ஆப்பின் நுனிக்கு முன்னாலேயே வெடிப்பு ஓடுமே, அதேதான். தகடு பெயின்ட்டைக் கொஞ்சம் தூக்குகிறது, அந்தத் தூக்குகிற விசை முழுவதும் வெடிப்பின் நுனியில் ஒரே கோட்டில் குவிகிறது, வெடிப்பு தகட்டைவிட முன்னால் போகிறது. காயத்தில் ஒட்டிய பிளாஸ்டரை நேராக இழுத்தால் வராது, ஓரத்தைத் தூக்கி மடித்து உரித்தால் சுலபமாக வரும், காரணம் ஒன்றேதான்.

இந்த ஆப்பு விஷயத்தை அளந்து பார்த்தவர் ஒருவர் இருக்கிறார். 1930இல் ஒப்ரெய்மொவ் என்ற ரஷ்யப் பௌதிகவியலாளர் காக்காப்பொன் துண்டு ஒன்றின் ஏட்டுக்கு அடியில் கண்ணாடி ஆப்பைச் செலுத்தி, அந்த ஏட்டைப் பிரிக்க எவ்வளவு சக்தி வேண்டும் என்று கணக்கிட்டார். கண்டி, மாத்தளைப் பக்கம் மண்ணில் மினுங்குகிற அதே காக்காப்பொன்தான், சின்ன வயதில் நகத்தால் ஏடு ஏடாக உரித்து விளையாடியவர்களுக்கு அவருடைய சோதனை பாதி தெரியும். அவர் இன்னொன்றையும் கண்டார்: வெற்றிடத்தில் அதைப் பிரிக்கப் பல மடங்கு அதிக சக்தி தேவைப்பட்டது. சாதாரண காற்றில், முக்கியமாக அதிலுள்ள நீர், புதிதாகத் திறக்கிற வெடிப்புக்குள் போய் ஒட்டிக்கொண்டு பிரிவதைச் சுலபமாக்கிவிடுகிறது.

ஹட்டனிலும் தலவாக்கலையிலும் ஒரு கதவு வருஷக்கணக்காக என்ன பாடுபடுகிறது என்று யோசித்தால் இது எவ்வளவு பெரிய விஷயம் என்று விளங்கும். மே மாதத்திலிருந்து தென்மேல் பருவமழை, மழை இல்லாத நேரத்திலும் மூட்டம் வாசல் வரை வந்து நிற்கும். பலகை ஈரத்தைக் குடித்து நாரின் குறுக்கே பருக்கிறது, வெயில் வந்ததும் சுருங்குகிறது, நாரின் நீளவாட்டில் அநேகமாக அசைவதில்லை. எனாமல் பெயின்ட்டோ காற்றிலுள்ள ஒட்சிசனோடு சேர்ந்து இறுகுகிற வகை, காய்ந்தபின்னும் வருஷக்கணக்காக அந்த இறுக்கம் தொடரும். புதிதில் வளைந்து கொடுத்த அது, பத்துப் பதினைந்து வருஷத்தில் கண்ணாடி மாதிரி ஆகிவிடும். மரம் அசையும், பெயின்ட் அசையாது, அதனால் நாரின் ஓட்டத்திலேயே நீள நீளமாகக் கீறல் விடும். கீறல் வழியாகத் தண்ணீர் இறங்கும், பெயின்ட் பிடித்துவைத்திருந்த இடங்களை நீர் மூலக்கூறுகள் பிடித்துக்கொள்ளும், ஒட்டு இளகும். கதவின் அடிப்பாகமும் மழை அடிக்கிற பக்கமும் முதலில் கழல்வது இதனால்தான். மாமா சொன்ன "எங்க விடுதுன்னு பாரு" என்பதும் இதுதான்: வானிலை ஏற்கெனவே பாதி வேலையை முடித்துவைத்த இடத்திலிருந்து தொடங்கு.

வெப்பநிலையும் கணக்கில் சேரும். குளிர்ந்த பெயின்ட் நொறுங்கும், சூடான பெயின்ட் இழுபடும். காலையில் பன்னிரண்டு, பதின்மூன்று பாகைக் குளிரில் சில்லாகத் தெறிக்கிற அதே பெயின்ட், வெயில் நேராக விழுந்து சூடேறிய மத்தியானத்தில் தகட்டில் ஒட்டிக்கொண்டு வரும். கழலுகிற பெயின்ட் என்றால் நான் காலையில்தான் எடுப்பேன்.

சரி, அசையாத இடம்? அங்கே தள்ளுகிற சுரண்டி எனக்குச் செய்ததைத்தான் எல்லோருக்கும் செய்யும். வெடிப்பு முன்னால் ஓடாதபோது தகடு ஒன்றில் வழுக்கும், அல்லது மரத்துக்குள் இறங்கும். அதற்கு இழுக்கிற சுரண்டி வேண்டும். இதன் அலகு கைப்பிடிக்குக் குறுக்கே நிற்கும், மேற்பரப்பில் அநேகமாகச் செங்குத்தாக உட்காரும், நம்மை நோக்கி இழுக்க வேண்டும். இழுக்கிற பக்கமாகவே அலகு சற்றுச் சாய்ந்திருப்பதால் அதற்கு உள்ளே குதிக்கிற புத்தி வராது, பெயின்ட்டை மேலிருந்து நசுக்கி, சீவி, அடுக்கு அடுக்காகக் குறைத்துக்கொண்டு வரும்.

இங்கே ஒரு சின்னக் கணக்கு. அலகின் அகலம் 50 மில்லிமீற்றர், கூரான விளிம்பின் தடிப்பு 0.02 மில்லிமீற்றர் என்று வைப்போம். பெயின்ட்டைத் தொடுகிற பரப்பு வெறும் ஒரு சதுர மில்லிமீற்றர். அதன்மேல் ஐந்து கிலோ பாரம் வருகிற மாதிரிக் கையை வைத்தால், அந்த ஐந்து கிலோவும் ஒரு மிளகாய் விதையைவிடச் சின்ன இடத்தில் இறங்குகிறது. விளிம்பு மழுங்கி 0.2 மில்லிமீற்றர் ஆனால் அழுத்தம் பத்தில் ஒன்றாகிவிடும். அதை ஈடுகட்ட ஐம்பது கிலோவால் அமுக்க வேண்டும், மழுங்கிய சுரண்டியோடு மல்லுக்கட்டுகிறவர்கள் தோள் வலியோடு வீட்டுக்குப் போவது இந்தக் கணக்கால்தான். அதே மாதிரி, கடினமான இடத்தில் அகலமான அலகைவிடப் பாதி அகல அலகு இரண்டு மடங்கு அழுத்தம் தரும். அகலமானதை வாங்கினால் சீக்கிரம் முடியும் என்று நினைப்பது இயல்பு, பிடிவாதமான பெயின்ட்டில் அது நடக்காது.

பெயின்ட் போன்ற மெல்லிய ஒன்று இரும்பை ஏன் மழுக்குகிறது? அதற்குள் இருக்கும் நிறப்பொடியும் நிரப்புப் பொடியும்தான் காரணம். இன்றைய வெள்ளைப் பெயின்ட்டின் வெண்மை தைத்தேனியம் ஈரொட்சைட்டால் வருவது. புல்மோட்டைக் கடற்கரையின் கறுப்பு மணலில் இருக்கிற இல்மனைட்டும் ரூட்டைலும் அதற்கான மூலப்பொருட்கள். ரூட்டைல் பதப்படுத்திய இரும்புக்குக் கிட்டத்தட்டச் சமமான கடினம் உள்ளது. ஆக, ஒவ்வொரு இழுப்பிலும் அலகு மிக நுண்ணிய சாணைக்கல்லில் உரசுகிற மாதிரித்தான். அதனால் இரும்பு அலகை அடிக்கடி அரம் போட்டே ஆக வேண்டும். அரத்தை ஒரே திசையில் தள்ளினால் மறுபக்கம் கையில் தட்டுப்படுகிற மெல்லிய பிசிர் ஒன்று எழும், அதைத் துடைத்துவிடாதீர்கள், இழுக்கிற சுரண்டியில் உண்மையில் வெட்டுவது அந்தப் பிசிர்தான். தச்சர்கள் பாவிக்கிற சதுரத் தகட்டுச் சீவியும் இந்தப் பிசிரை நம்பித்தான் வேலை செய்கிறது, அதை உருண்டையான இரும்பால் தேய்த்துக் கொக்கியாக மடித்துக்கொள்வார்கள். முன்பெல்லாம் உடைந்த யன்னல் கண்ணாடித் துண்டாலும் சீவுவார்கள், உடைந்த கண்ணாடியின் விளிம்பு எந்த இரும்பையும்விடக் கூர்மையாக இருக்கும், ஆனால் நாலு இழுப்புக்கு மேல் நிற்காது.

கொஞ்சம் விலை கொடுத்தால் கார்பைட் அலகு கிடைக்கிறது. தங்குதனும் காபனும் சேர்ந்த அந்தப் பொருளின் கடினத்தன்மை பத்துக்கு ஒன்பது அளவில் நிற்கும், பெயின்ட்டின் பொடி அதை இலகுவில் மழுக்காது. ஆனால் நொறுங்கும் குணம் உண்டு. மறைந்திருக்கும் ஒரு ஆணித்தலை போதும், விளிம்பில் பல் விழுந்து, அதற்குப்பிறகு இழுக்கிற ஒவ்வொரு இழுப்பிலும் மரத்தில் கோடு விழும். முதலில் கதவைக் கையால் தடவி ஆணிகளை உள்ளே தட்டிவிடுவது நல்லது. எந்த அலகாக இருந்தாலும் இரண்டு மூலைகளையும் அரத்தால் லேசாக உருட்டிவிடுங்கள், என் கதவில் பள்ளம் போட்டது கூரான மூலைதான். நாரின் ஓட்டத்தில் இழுங்கள். அலகு துள்ளித் துள்ளி அலை அலையாகத் தடம் விட்டால், அலகைக் கொஞ்சம் கோணலாகத் திருப்பி இழுத்தால் அடங்கும்.

சுவர் வேறு கதை. லயங்களில் தீபாவளிக்கும் பொங்கலுக்கும் வருஷா வருஷம் வெள்ளையடித்த சுவர்கள் நிறைய. சுண்ணாம்பு காற்றிலுள்ள காபனீரொட்சைட்டை எடுத்துக்கொண்டு திரும்பக் கல்லாகிறது, ஆனால் அது பலமற்ற, பொடிகிற கல். அதன்மேல் இமல்ஷன் அடித்தால், பெயின்ட் சுண்ணாம்பை நன்றாகப் பிடித்துக்கொள்ளும், சுண்ணாம்புதான் தன்னைத்தானே பிடிக்காது. சில்லைக் கழற்றிப் பின்பக்கம் பாருங்கள், வெள்ளைத் தூள் அப்பியிருந்தால் குற்றம் பெயின்ட்டில் இல்லை. அங்கே சுண்ணாம்பு முழுவதையும் சுரண்டிக் கழுவித்தான் ஆக வேண்டும், மேலே எத்தனை நல்ல பெயின்ட் அடித்தும் பலன் இல்லை. கண்ணாடியில் சிந்திய பெயின்ட்டுக்கு சவர்க்காரத் தண்ணீர் தெளித்து சவர பிளேட்டைப் படுக்கவைத்து ஒரே திசையில் தள்ளினால் போதும், பின்னுக்கு இழுத்தால் அடியில் சிக்கிய மணல் கண்ணாடியைக் கீறிவிடும்.

இனி இதை வாசிக்கிற யாரும் தவறவிடக் கூடாத விஷயம். தைத்தேனியம் வருவதற்கு முன் வெள்ளை நிறம் தந்தது ஈயம். மஞ்சள், சிவப்பு எனாமலில் அதற்குப் பிறகும் நெடுநாள் ஈயம் இருந்தது. இலங்கையில் பெயின்ட்டில் ஈயத்துக்குச் சட்டப்படியான உச்ச அளவு நடைமுறைக்கு வந்தது 2013இல்தான். அதற்கு முந்திய எந்தப் பூச்சிலும் ஈயம் இருக்கலாம் என்று எடுத்துக்கொள்ளுங்கள், என் கதவின் அடியிலிருந்த அந்த மங்கிய வெள்ளையை நான் அப்படித்தான் நடத்தினேன். ஈயத்துக்குப் பாதுகாப்பான அளவு என்று ஒன்று கிடையாது, சின்னப் பிள்ளைகளின் மூளை வளர்ச்சியை அது பாதிக்கிறது, தரையில் தவழ்ந்து கையை வாயில் வைக்கிற பிள்ளைக்கு ஒரு சிட்டிகைத் தூளே அதிகம். எனவே உலர்ந்த சாண்ட் பேப்பரும் மிஷினும் வேண்டவே வேண்டாம். தண்ணீர் தெளித்து நனைத்துக்கொண்டே சுரண்டுங்கள், ஈரத்தில் தூள் பறக்காது. கீழே பிளாஸ்டிக் விரித்து, சில்லுகளைப் பையில் கட்டி அகற்றுங்கள், பின்பக்கத்து லீக்ஸ், கரட் பாத்திக்குள் அவற்றைக் கொட்டாதீர்கள், ஈயம் மண்ணில் மக்காது. துணியும் சாதாரண முகக்கவசமும் போதாது, நுண்தூளை வடிகட்டுகிற முகக்கவசம் வேண்டும். வேலை உடுப்பை வேறாகத் துவையுங்கள். சுவாலையால் பெயின்ட்டை எரித்து எடுப்பதும் கூடாது: அதிக வெப்பத்தில் ஈயம் புகையாகிச் சுவாசத்தோடு போகும், அதோடு பலகையும் கூரையும் அடுத்தடுத்து ஒட்டிய லயத்தில் ஒரு வீட்டில் பிடித்த நெருப்பு ஒரு வீட்டோடு நிற்பதில்லை.

கடைசியில் என் கதவை நான் முழுவதும் சுரண்டவில்லை. மாமாதான் நிறுத்தினார். இரண்டு சுரண்டிக்கும் அசையாமல் நடுவில் நின்ற பெயின்ட்டை எடுக்க வேண்டிய தேவையே இல்லை. இத்தனை மழைக்கும் பனிக்கும் விடாத ஒட்டை நான் வாங்கப்போகிற எந்த அண்டர்கோட்டும் தரப்போவதில்லை, ஈயம் இருந்தாலும் அது உடையாமல் மூடிக்கிடப்பதே பாதுகாப்பு. கழன்ற இடத்துக்கும் நின்ற இடத்துக்கும் நடுவிலுள்ள படியை மட்டும் ஈரச் சாண்ட் பேப்பரால் நகத்துக்குத் தட்டாத அளவு தேய்த்துச் சரிவாக்கினேன். பெப்ரவரி வெயிலில் வெறும் பலகையை மூன்று நாள் காயவிட்டு, மூன்றாம் நாள் மூட்டம் இறங்குவதற்கு முன் பிரைமர் அடித்து முடித்தேன்.