குடும்பக் கட்டுப்பாடா, குடும்பத் திட்டமிடலா?

போன மாதம் ஒரு கேள்வித்தாள் மெய்ப்புப் பார்க்க வந்தது. கருத்தடை பற்றிப் பெண்கள் என்ன நினைக்கிறார்கள் என்று அறிவதற்கானது. முதல் கேள்வி: ‘நீங்கள் குடும்பக் கட்டுப்பாடு செய்துள்ளீர்களா?’ பக்கத்து வீட்டு அக்காவிடம் கேட்டுப் பார்த்தேன். “இல்லம்மா, காப்பர் டிதான் போட்டிருக்கேன்” என்றார். அது கருப்பைக்குள் வைக்கும் கருத்தடைச் சாதனம். கணக்கெடுப்பில் அவர் எதுவுமே செய்யாதவராகப் பதிவாகியிருப்பார்.

தப்பு அக்காவுடையது அல்ல. நம் ஊரில் குடும்பக் கட்டுப்பாடு என்றால் ஆபரேஷன், அதுவும் பெண்ணுக்கு. 2019-21 தேசியக் குடும்ப நல ஆய்வின்படி இந்தியாவில் திருமணமான பெண்களில் 37.9 விழுக்காட்டினர் அறுவை செய்துகொண்டவர்கள். ஆண்களின் அறுவையை நம்பியிருப்போர் வெறும் 0.3 விழுக்காடு. அறுவைக்குப் பயந்து ஒருத்தி ‘வேண்டாம்’ என்றால், ‘கருத்தடையை எதிர்க்கிறார்’ என்று எழுதிவிடுகிறார்கள்.

கட்டுப்படு என்பதிலிருந்து கட்டுப்பாடு. சரி, ஆங்கிலத்தில் ‘ஃபேமிலி பிளானிங்’ என்பதில் உள்ள ‘பிளானிங்’, அதாவது திட்டமிடல், எப்படிக் கட்டுப்பாடு ஆகும்? ‘பர்த் கண்ட்ரோல்’ என்ற வேறொரு சொல் உண்டு. 1914-இல், கருத்தடை உரிமைக்குப் போராடிய அமெரிக்கப் பெண்மணி மார்கரெட் சாங்கரின் வட்டாரம் பரப்பியது. அதில் பிடி பெண்ணின் கையில். தமிழில் கட்டுப்பாடு என்றாலே ஊர்க்கட்டுப்பாடு, விலைக் கட்டுப்பாடு: யாரோ விதிப்பது. ‘கட்டுப்பாடான குடும்பம்’ என்றால் பெண்பிள்ளையை வாசல் தாண்ட விடாத வீடு என்றல்லவா நமக்குத் தோன்றுகிறது?

‘குடும்ப நலம்’ என்று எழுதுவோர் இன்னும் மோசம். நெருக்கடி நிலைக் காலக் கட்டாய அறுவைகளால் பெயர் கெட்ட திட்டத்துக்கு 1977-இல் அரசு சூட்டிய புதுப்பெயர் அது. ‘குடும்ப நல அறுவை சிகிச்சை’ என்றால் யாருக்கு, எதற்கு அறுவை? இரண்டாவது பிள்ளையை மூன்று வருடம் தள்ளிப்போட நினைப்பவளுக்கு இந்தச் சொல்லில் ஒரு துப்பும் கிடைக்காது. விஷயத்தைச் சொல்லக் கூசும் மொழிபெயர்ப்பாளர்கள்தான் இதைக் கட்டிக்கொண்டு அழுகிறார்கள்.

பெரியார் ‘கர்ப்ப ஆட்சி’ என்றார். நாட்டு வளத்துக்காக அல்ல, பெண்ணின் விடுதலைக்காகவே கர்ப்பத்தடை வேண்டும் என்று வாதாடியவர் அவர். ‘கர்ப்பம்’ வடசொல்தான், ஆனால் ‘ஆட்சி’ அவளை ஆளுகிறவள் ஆக்குகிறது. இன்று அது வழக்கில் இல்லை. இலங்கைத் தமிழர் ‘குடும்பத் திட்டமிடல்’ என்றே எழுதுகிறார்கள். அதுவே சரி, அதையே எடுத்துக்கொள்வோம். முறைகளுக்குக் கருத்தடை, ஆபரேஷனுக்குக் கருத்தடை அறுவை.

கேள்வியை இப்படித் திருத்தினேன்: ‘பிள்ளை உண்டாவதைத் தள்ளிப்போடவோ தவிர்க்கவோ இப்போது ஏதாவது செய்கிறீர்களா?’ அக்காவிடம் மறுபடி கேட்டேன்.

“ஆமா, அதான் காப்பர் டி இருக்கே. அதுக்கு முன்னாடி மாத்திரை.”